காற்று பூட்டிய கதவு

அன்று மதியம் கிபிரிகேயின் வீடியோ கொட்டகையில் இருந்தவர்கள்: முன்வரிசையில் போட்டிருந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளில், படத்தை எடுத்த கயீரா, அவனோடு வெளிநாட்டுப் பட விழாவிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரி, அவள் மடியில் ஒரு கேமரா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சேகமாட்டே, நான்காவதில் கயீராவின் தோல்பை. நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் பாய் விரித்து, இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே நாலோங்கோ என்று கூப்பிடும் அம்மாள். பின்னால் பெஞ்சுகளில் நியெண்டோ சந்தையின் வாழைக்காய்க்காரிகள், மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், இரண்டு கசாப்புக்காரர்கள், பூசை முடிந்து நேரே வந்தவர்கள், இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றவர்கள். கதவருகே கொட்டகைக்காரர் ஹாஜி கிபிரிகே, இடுப்பில் சாவிக்கொத்தோடு. திரைக்கு எதிர்மூலையில், பலகை அடித்த சின்னக் கூண்டுக்குள், மைக்கோடு முத்யாபா. நாலோங்கோவின் கடைசி மகன்.

ஆக, வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் இவர்கள் ஒரே கூரையின் கீழ் கூடியது இதுதான் முதல் தடவை. முத்யாபா கூண்டின் ஓட்டை வழியாக ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டான். பிறகு கூண்டின் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

முத்யாபா அந்தக் கொட்டகையின் விஜே. திரையில் யார் எந்த மொழியில் பேசினாலும் ஒலியைத் தணித்துவிட்டு அவன் ஊர் மொழியான லுகாண்டாவில் கதை சொல்வான். வில்லனுக்குச் சந்தையில் கள்ளத் தராசு வைத்திருப்பவன் பெயரை வைப்பான். கதாநாயகி அழுதால் அவள் மாமியாரைத் திட்டுவான். வேண்டுமென்றால் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஜனங்களிடம் நியாயம் கேட்பான். நியெண்டோவில் யாரும் படம் பார்க்கப் போகிறேன் என்று சொல்வதில்லை. முத்யாபாவைக் கேட்கப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள்.

இதைக் கயீரா மறந்துவிட்டான். தலைநகர் கம்பாலாவுக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போய், படம் என்பது எடுத்தவனுடையது என்று நினைக்கப் பழகிவிட்டான். வெள்ளைக்காரிதான் விஜே வேண்டும் என்றாள். 'பிறந்த மண்ணுக்குத் திரும்பும் படம்' என்று அவள் தனியாக ஒரு சின்னப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் சிரிக்கிற முகங்கள் வேண்டும், ஓலைப்பாய்ச் சுவர் வேண்டும், மைக்கில் கத்துகிறவன் வேண்டும். கயீரா சரி என்றான்.

வியாழக்கிழமை கயீராவே பென் டிரைவோடு வந்தான். சாலையோரம் முட்டை சுருட்டிய சப்பாத்தி தின்றுகொண்டிருந்த முத்யாபாவைக் கட்டிப்பிடித்தான்.

"டேய் முத்யாபா! அப்படியே இருக்கடா!"

"எப்படியே?"

"ஸ்கூல்ல இருந்த மாதிரியே."

"ஸ்கூல்ல நான் ரொம்ப நாள் இல்லையே."

கயீரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உன்னப் பத்திதான்டா படம். எந்த ஊர்ல போட்டாலும் படம் முடிஞ்சதும் உன்னத்தான் கேக்கறாங்க. அந்த மாவுப் பையன் இப்ப எங்க இருக்கான், அந்த மாவுப் பையன் இப்ப என்ன பண்றான்னு."

"மாவுப் பையனா?"

"பாரேன். விழுந்து விழுந்து சிரிப்ப. அப்புறம், நாலோங்கோ அம்மாவக் கண்டிப்பா கூட்டிட்டு வா. அவங்களும் வர்றாங்க படத்துல."

மறுநாள் காலை, கொட்டகையைக் கூட்டுவதற்கு முன்னால், முத்யாபா தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தான். முதல் முறை கடைசிவரை சும்மா பார்த்தான். இரண்டாம் முறை எந்தக் காட்சி எந்த நிமிஷத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டான். மூன்றாம் முறை மைக்கை அணைத்துவிட்டு வாயசைத்துப் பார்த்தான்.

படத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் நல்லவன், கனவு காண்பவன், வளர்ந்து வாலிபனாகிறான், கடைசியில் பஸ் ஏறி ஊரைவிட்டுப் போகிறான். அவன் கயீரா. இன்னொருவனுக்குப் பேரே கிடையாது, 'மாவு' என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூட ஸ்டோரில் சோள மாவு திருடப் போகிறார்கள். நல்லவன் போதும் என்று கிளம்பிவிடுகிறான். மாவு இன்னொரு கிண்ணம் அள்ளத் திரும்புகிறான். காற்றடிக்கிறது. கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. இரண்டு நாள் உள்ளே கிடக்கிறான். முகமெல்லாம் வெள்ளையாக, எலியோடு பேசுகிறான், மூட்டையிலேயே மூத்திரம் போகிறான். திங்கட்கிழமை அவனுடைய அம்மா வந்து தலைமையாசிரியர் முன்னால் முட்டி போட்டுக் கெஞ்சுகிறாள். மழை. சரிவு. முட்டி வழுக்கி, தலைகீழாக, கோழிகளை இடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை சேற்றில் உருண்டு போகிறாள்.

அந்தக் காட்சிதான் போஸ்டரிலும். பருத்த பொம்பளை, சேறு, ஆகாயத்தைப் பார்த்த இரண்டு கால்கள். கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்ததை நாலோங்கோ சந்தைக்குப் போகும்போது பார்த்துவிட்டு வந்து மகனிடம், "யாருடா அந்தப் பொம்பள? எப்படி விழுந்திருக்கா பாரு," என்றாள்.

வெளியூர்களில் அந்த இடத்தில் எழுந்த சிரிப்பில் அடுத்த வசனம் கேட்கவில்லையாம். பரிசு கிடைத்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள்: மனதை வருடும் படம், வறுமையிலும் வற்றாத நகைச்சுவை, தன் பால்யத்தைத் துணிச்சலோடு திறந்து காட்டும் இயக்குநர். முத்யாபா எல்லாவற்றையும் போனில் தேடி வாசித்தான். ஆங்கிலம் புரியாத இடங்களை வாசிகசாலைக்காரனிடம் கேட்டுக்கொண்டான்.

நடந்தது வேறு. உணவு மானிட்டர் கயீரா. ஸ்டோர் சாவி அவன் கழுத்தில் நூலில் தொங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்தவன் அவன். முத்யாபா மூட்டைக்குப் பின்னால் குனிந்திருந்தபோது காவல்காரனின் இருமல் கேட்டது. கயீரா வெளியே பாய்ந்தான். கதவு மூடியது. நாதாங்கி விழுந்தது. பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. முத்யாபாவுக்குப் பதின்மூன்று வயசு. காவல்காரன் போனதும் வந்து திறப்பான் என்று இருந்தான். சனிக்கிழமை வருவான் என்று இருந்தான். ஞாயிற்றுக்கிழமை கத்தினான். குன்றின்மேல் பள்ளிக்கூடம், காவல்காரன் வாரக்கடைசியில் ஊருக்குப் போய்விடுவான், யார் காதில் விழும்?

திங்கட்கிழமை பூட்டை உடைத்தார்கள். சாவி வெள்ளிக்கிழமையே தொலைந்துபோனது, முத்யாபாதான் திருடியிருக்க வேண்டும் என்று கயீரா சொன்னான். அம்மா காலை எட்டு மணிக்கு முட்டி போட்டாள். மதிய மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பள்ளிப் பதிவேட்டில் முத்யாபாவின் பெயரை அடித்துவிட்டார்கள். கயீரா தானே வந்து உண்மையைச் சொல்வான் என்று முத்யாபா வாயைத் திறக்காமல் காத்திருந்தான். ஒரு வாரம் காத்திருந்தான். அப்புறம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது புரிகிற அளவுக்கு அந்த ஒரு வாரத்தில் வளர்ந்துவிட்டான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் இன்றுவரை தன் மகன் மாவு திருடிக் கதவில் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"நீ வரவேண்டாம்மா," என்று சனிக்கிழமை சொல்லிப் பார்த்தான்.

"ஊரே போவுது. நான் வர்ற படத்துக்கு நான் போகக் கூடாதா?"

"அது நல்லால்லை."

"நல்லால்லேன்னா நீ நல்லாச் சொல்லு. அதுக்குத்தானே உன்ன அங்க உக்கார வச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டு, தோள் கூம்பிய விசேஷ உடுப்பை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தாள்.

அந்த உடுப்பில்தான் வந்திருந்தாள். கயீரா உள்ளே நுழைந்ததும் பெரிய விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி, வலிக்கும் முட்டியை மெல்ல மடக்கி மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். கயீரா அவளைக் கைபிடித்துத் தூக்கவில்லை. வெள்ளைக்காரி பக்கம் திரும்பி, எடு எடு என்று ஜாடை காட்டினான். முத்யாபா அதையும் கூண்டிலிருந்து பார்த்தான்.

ஹாஜி கதவைச் சாத்தினார். கொட்டகை விதி எல்லாருக்கும் தெரியும். படம் ஓடும்போது வெளியே போகலாம். போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. மூத்திரம் முட்டினாலும் சரி, அமைச்சரே வந்தாலும் சரி.

முதல் அரைமணி நேரம் முத்யாபா தன் தொழிலை ஒழுங்காகச் செய்தான். இதுவரை செய்ததையெல்லாம்விட நன்றாகவே செய்தான் என்று கசாப்புக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். திரையில் வகுப்பு வாத்தியார் வந்ததும், "இவர் கணக்கு வாத்தியார். சம்பளம் எத்தன மாசமா வரலன்னு கணக்குப் போட்டுப் போட்டே முடி கொட்டிடுச்சு," என்றான். நல்ல பையன் காதலிக்கு மாம்பழம் கொடுத்தபோது, "மரம் அவங்கப்பனோடதுதான், அவளுக்குத் தெரியாது," என்றான். பெஞ்சுகள் குலுங்கின. வெள்ளைக்காரியின் கேமரா சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. கயீரா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

முப்பத்தெட்டாவது நிமிஷம் ஸ்டோர் வந்தது. காற்று. கதவு படார்.

முத்யாபா படத்தை அப்படியே நிறுத்தினான். திரை நிறைய மூடிய கதவு.

"ஜனங்களே, ஒரு சந்தேகம்." குரலில் சிரிப்பு இல்லை. "இது நம்ம பள்ளிக்கூடத்து ஸ்டோரேதான். டைரக்டர் செட்டெல்லாம் போடல, நேரா அங்கயே போய் எடுத்திருக்காரு. அந்த நாதாங்கியப் பாருங்க. எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கம்," என்றான் ஒரு டாக்ஸிக்காரன்.

"அதுல என்ன தொங்குது?"

"பூட்டு."

"காத்து கதவச் சாத்தும், ஒத்துக்கறேன். நாதாங்கிய மாட்டுமா? பூட்டக் கோக்குமா? சாவியப் போட்டு ஒரு சுத்து சுத்துமா?"

"காத்துக்கு ஏது கையி?" என்றாள் ஒரு வாழைக்காய்க்காரி.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அந்த ஸ்டோர் தெரியும், பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். கயீரா பின்னால் திரும்பி, சிரிக்க முயன்றபடி, "முத்யாபா, ஓட்டுப்பா, நேரமாகுது," என்றான்.

"ஓட்டறேன். அதுக்கு முன்னாடி, முன்வரிசைல எங்க ஹெட்மாஸ்டர் இருக்காரு. சார், கேக்குதா?"

சேகமாட்டே கைத்தடியை இறுக்கிக்கொண்டார். "கேக்குது."

"அந்த ஸ்டோருக்கு எத்தன சாவி சார்?"

"ஒண்ணு."

"யார்கிட்ட இருக்கும்?"

"உணவு மானிட்டர்கிட்ட."

"அந்த வருஷம் மானிட்டர் யார் சார்?"

கிழவர் வெள்ளைக்காரிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கயீரா."

"நான்தான் அந்தச் சாவியத் திருடிட்டு உள்ள போனேன்னு எழுதி என் பேர அடிச்சீங்க. சரி. உள்ள இருந்தவன் வெளிய எப்படி சார் பூட்டினான்? என் கை அவ்ளோ நீளமா?"

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை என்பது ஒவ்வொரு பெஞ்சாக உறைத்துக்கொண்டே போனது.

"யாராச்சும் தெரியாமப் பூட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றார் சேகமாட்டே. அவருக்கே அது நன்றாக இல்லை. தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "கயீரா. எழுந்து நில்."

முப்பத்தைந்து வயசு, இரண்டு பரிசு, கண்ணாடி போட்ட கயீரா எழுந்து நின்றான். நின்ற பிறகுதான் நின்றுவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"சார், இது சினிமா. கற்பனை."

"நான் சாவியப் பத்திக் கேக்கறேன்."

"சினிமால எல்லாம் மாத்தித்தான் சார் எடுப்போம்..."

"பேட்டில உன் வாழ்க்கை, உண்மைக் கதைன்னு சொன்னியேப்பா," என்றது மைக். "ஏழு பேட்டி. நான் படிச்சேன்."

வெள்ளைக்காரி கயீராவின் சட்டையைப் பிடித்து என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். ரசிக்கிறார்கள் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அதைவிட நல்ல ஆங்கிலத்தில், "இந்த ஆள்தான் அவனை வெளியே இருந்து பூட்டியவன். அதைப் பேசுகிறார்கள்," என்றாள். கேமரா ஜனங்களை விட்டுக் கயீராவின் பக்கம் திரும்பியது.

"ஹாஜி! கரண்ட்ட நிறுத்துங்க!"

"பாதிப் படத்துல நிறுத்தினா என் பெஞ்ச ஒடச்சிடுவாங்க," என்றார் ஹாஜி. "உக்காரு தம்பி. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது."

கயீரா கூண்டுக்கு வந்து கதவைத் தள்ளினான். பலகையில் தட்டினான். "முத்யாபா, திற. என்னடா வேணும் உனக்கு? பேசிக்கலாம். அடுத்த படத்துல உனக்குப் பெரிய ரோல் தர்றேன்டா."

முத்யாபா மைக்கை ஓட்டைப் பக்கம் நீட்டினான். "சாவியத் திருப்பினது யாருன்னு இதுல சொல்லு. அது போதும். மிச்சப் படத்த உனக்காக நானே நல்லபடியா முடிச்சுத் தர்றேன்."

கயீரா மைக்கைப் பார்த்தான். பின்னால் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்த கேமராவைப் பார்த்தான். "பைத்தியம்," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான்.

"அப்ப சரி," என்று முத்யாபா படத்தை ஓடவிட்டான்.

மாவு பூசிய முகம் வந்தது, எலி வந்தது, நனைந்த மூட்டை வந்தது. முத்யாபா ஜோக் எதுவும் சொல்லவில்லை. "வெள்ளி ராத்திரி. தண்ணி இல்ல." "சனிக்கிழமை. பச்ச மாவு தொண்டைல ஒட்டுது." "சனி ராத்திரி." "ஞாயிறு. கத்தறான்." அவ்வளவுதான். அவன் சொல்லச் சொல்லத் திரையில் இருந்த பையன் குட்டிக்கரணம் போட்டான். உலகமெல்லாம் சிரித்த இடம். நியெண்டோவில் ஒரு தொண்டை கனைக்கவில்லை. கயீராவின் கழுத்துப் பின்புறம் வேர்வை இறங்குவதை முத்யாபா பார்த்தான். பார்க்க நன்றாக இருந்தது.

பிறகு மழை வந்தது. சரிவு. பருத்த பொம்பளை முட்டி போட்டாள்.

முத்யாபா படத்தின் ஒலியை முழுசாக அணைத்தான். மைக்கிலும் பேசவில்லை. விஜே பேசாமல் ஒரு காட்சி ஓடி அந்தக் கொட்டகை பார்த்ததில்லை. ஜனங்கள் திரையை விட்டுத் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பொம்பளை சத்தமில்லாமல் வழுக்கினாள், உருண்டாள், கோழிகள் பறந்தன. பார்க்க ஆளில்லாமல் அந்தக் காட்சி முடிந்தது.

பாயில் இருந்த நாலோங்கோ மட்டும் திரையைப் பார்த்தாள். போஸ்டரில் இருந்தவள் யாரென்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

"எங்கம்மா விழல," என்றான் முத்யாபா. "எட்டு மணிக்கு முட்டி போட்டா, மதிய மணி அடிச்சப்ப எழுந்தா. கால்ல கல்லு குத்தி ரத்தம். யாரும் சிரிக்கல அன்னிக்கு. சிரிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல."

சேகமாட்டே எழுந்தார். "அவங்க விழல. நான் சாட்சி. நாலோங்கோ, நான் அன்னிக்கி..."

"உக்காருங்க சார். உங்க பங்கு அடுத்த சீன்ல வருது."

கிழவர் உட்கார்ந்தார்.

நாலோங்கோ திரும்பி உட்கார்ந்து கயீராவை அண்ணாந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வெள்ளிக்கிழம ராத்திரி இவனத் தேடிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேனே. நீ வாழைக்காய் மத்தோக்கே தின்னுக்கிட்டிருந்த. எம் புள்ளயப் பாத்தியான்னு கேட்டேன்."

கயீரா தோல்பை இருந்த நாற்காலிப் பக்கம் கை நீட்டினான்.

"பாக்கலன்னு சொன்ன. சனிக்கிழமயும் வந்தேன். அப்பவும் பாக்கலன்னு சொன்ன. சாவி உன் கழுத்துலதான் தொங்கியிருக்கும், சட்டைக்குள்ள. இல்லையா?"

முத்யாபா மைக்கைக் கீழே வைத்தான். இந்த வசனத்தை அவன் எழுதவில்லை. அவள் இரண்டு தடவை போனது அவனுக்கே தெரியாது.

கயீரா தோல்பையை எடுத்துக்கொண்டான். கதவுக்குப் போகும் வழி பாயைத் தாண்டித்தான். நாலோங்கோ எழுந்திருக்கவில்லை, முட்டி மடக்கவில்லை. வலிக்கும் கால்கள் இரண்டையும் வழிநெடுக நீட்டிக்கொண்டாள். அவன் பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் ஒண்டி, ஆட்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு, சுற்றிப் போனான். யாரும் ஒதுங்கவில்லை. கேமரா அவன் பின்னாலேயே திரும்பியது.

"திறங்க," என்றான் ஹாஜியிடம்.

"போனா திரும்ப வர முடியாதுப்பா. தெரியுமில்ல?"

"இது என் படம்!"

"வெளிய உன் படம். உள்ள முத்யாபா படம்," என்று ஹாஜி கதவைத் திறந்தார். மதிய வெயில் உள்ளே அடித்தது. வாசலில் அந்தப் போஸ்டர். கயீரா வெளியே கால் வைத்தான்.

முத்யாபா மைக்கை எடுத்தான்.

"ஹாஜி, காத்தடிக்குது. கதவச் சாத்துங்க."

ஸ்டோர் கதவு திரையில் சாத்திக்கொண்ட பிறகு அந்தக் கொட்டகையில் எழுந்த முதல் சிரிப்பு அது. பெஞ்சுகள் ஆடின, கசாப்புக்காரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள், தகரக்கூரை அதிர்ந்தது. வெயிலில் நின்றிருந்த கயீரா திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஹாஜி கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்தே நாதாங்கியை மாட்டி, பூட்டைக் கோத்து, சாவியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.